காற்பணம் யாருடையது?

யாழ்ப்பாணத்தில் அரிச்சந்திரன் கதை தெரியாத வீடு குறைவு. சோனகத்தெரு வீடுகளையும் சேர்த்தே சொல்கிறேன். எங்கள் உம்மும்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது; ஆனால் சந்திரமதி புலம்பலில் நாலைந்து அடி பாடுவார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், "றேடியோவில கேட்டது, பிறகு ஆக்கள் பாடக் கேட்டது" என்பார். அவருக்குத் தெரிந்த அரிச்சந்திரன் சுடலை காக்கிற ஒரு கூலிக்காரன். அந்த மனிதன் ஒரு காலத்தில் அயோத்தியை ஆண்டவன் என்பதெல்லாம் அவருக்குப் பழைய கதை.

இதற்கு எங்கள் மேடைதான் காரணம். 16ஆம் நூற்றாண்டில் நல்லூர் வீரகவிராயர் பாடிய அரிச்சந்திர புராணம் (அந்த நல்லூர் தமிழகத்து நல்லூர், நம்மவர்கள் ஆசைப்படக் கூடாது) திருமணம், முனிவர்களின் வாக்குவாதம், வேட்டை, நாடிழப்பு, காசி என்று காண்டம் காண்டமாக நீளுகிறது. கொட்டகைக் கூத்து என்று எங்கள் ஊரார் சொன்ன இசை நாடகம் அதில் மயான காண்டத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தனி நாடகமாக வைத்துக்கொண்டது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) தமது வசந்த கான சபாவோடு ஊர் ஊராகப் போய் அதை ஆடினார். ஆயிரக்கணக்கான மேடைகள் என்று சொல்வார்கள். குடாநாட்டில் ஒரு தலைமுறைக்கு அரிச்சந்திரன் என்றால் வைரமுத்துவின் குரல்தான்.

முடியும் சிம்மாசனமும் உள்ள காண்டங்களை விட்டுவிட்டு, கையில் தடியோடு பிணத்துக்குக் காசு கேட்டு நிற்கிற மனிதனைச் சனம் ஏன் விடிய விடியப் பார்த்தது? அவனுடைய இக்கட்டு அரசனுடைய இக்கட்டாக இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். சம்பளத்துக்கு வேலை செய்கிற, மேலே ஓர் எசமான் உள்ள, வீட்டில் பெண்சாதி பிள்ளை உள்ள எவனுக்கும் வரக்கூடிய இக்கட்டு அது. ஆடியவர்களிலும் பலர் சாதியால் கீழே வைக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள். மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக 1968இல் போராட வேண்டியிருந்த மண்ணில், சுடலை வேலை செய்கிற அரசனை ஆடிக் காட்டினார்கள் அவர்கள். அதைத் தனியாக எழுத வேண்டும்.

நாடகத்தின் நடுநாடிக்கு வருவோம். பாம்பு தீண்டிச் செத்த மகன் லோகிதாசனைச் சந்திரமதி இரவில் தனியே தூக்கி வருகிறாள். காவலாளி மறிக்கிறான். பிணம் சுடக் காற்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி தர வேண்டும். இல்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுத் தா என்கிறான். அந்தத் தாலி அவள் கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும். அப்படித்தான் ஒருவரையொருவர் அறிகிறார்கள். கதை எழுதியவரின் கொடிய கூர்மை இந்த இடத்தில் இருக்கிறது. பிரிந்த கணவனும் மனைவியும் குரலாலோ முகத்தாலோ அடையாளம் காணவில்லை. கூலி கேட்டதில்தான் அடையாளம் தெரிகிறது. அழுது முடித்த பிறகும் அவன் காசை விடவில்லை. வாய்க்கரிசி என் பங்கு, அதை விடுகிறேன். காற்பணமும் முழத்துண்டும் ஆண்டை வீரவாகுவுக்குச் சேர வேண்டியவை, அவற்றை விட எனக்கு உரிமையில்லை என்கிறான்.

உயர்தர வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், வாய்க்கரிசியை விட்டவர் மிச்சத்தையும் விட்டா என்ன? ஆர் பார்க்கப் போகினம்?"

நல்ல கேள்வி. நாம் அமானிதம் என்று சொல்கிற சொல்லைக் கொண்டு பதில் சொன்னேன். கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் அரசாங்க விளக்கின் வெளிச்சத்தில் சொந்தக் கதை பேச மறுத்து அதை அணைத்தார் என்று மத்ரஸாவில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்தக் காற்பணம் உடனே விளங்கியது. விளக்கெண்ணெய் எத்தனை சதம்? காற்பணம் எத்தனை சதம்? தொகை சிறிதாக இருப்பதால்தான் இரண்டு கதைகளும் நிற்கின்றன. பிறருடையதைத் தன் துக்கத்துக்காகக் கூட எடுக்காத மனிதன் என்ற அளவில் நான் அரிச்சந்திரனை வணங்கி ஒதுங்குகிறேன்.

ஆனால் நாடகம் அங்கே நிற்கவில்லை. காசு தேடிப் போன சந்திரமதி மேல் காசி அரசனின் பிள்ளையைக் கொன்றாள் என்று பழி விழுகிறது. தலையை வெட்டும் வேலை சுடலைக் காவலாளிக்கு வருகிறது. குற்றமற்றவள் என்று உலகத்தில் எவரையும் விட நன்றாகத் தெரிந்தவன் வாளை ஓங்குகிறான். வாள் மாலையாகிறது, தெய்வங்கள் தோன்றுகின்றன, பிள்ளை எழும்புகிறான், எல்லாம் சோதனை என்று முடிகிறது. கொட்டகையில் கைதட்டுவார்கள்.

இந்த இடத்தில் நான் கைதட்ட மாட்டேன். காற்பணமும் வாளும் ஒன்றல்ல. முன்னது அமானிதம், பின்னது கட்டளை. பணம் வீரவாகுவுடையது, சந்திரமதியின் கழுத்து வீரவாகுவுடையதும் அல்ல, காசி அரசனுடையதும் அல்ல. பாவமான காரியத்தில் எந்தப் படைப்புக்கும் கீழ்ப்படிதல் இல்லை என்பது நமக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தரப்படும் விதி. நாடகமோ இரண்டையும் 'சத்தியம்' என்ற ஒரே துணியில் சுற்றித் தருகிறது. முதலாவதற்குக் கிடைக்க வேண்டிய மதிப்பை வைத்துக்கொண்டு இரண்டாவதை நம்மிடம் விற்றுவிடுகிறது. மயான காண்டத்தைப் பற்றி நம்மவர் எழுதியவற்றில் ராகத்தைப் பற்றியும் நடிப்பைப் பற்றியும் நிறைய உண்டு. இந்த வியாபாரத்தைப் பற்றி எழுதியோரைக் காண்பது அரிது.

இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாக்கியது ஒரு யப்பானியத் திரைப்படம். யோஜி யமடா 2002இல் எடுத்த 'அந்திநேரச் செய்பெய்'. ஷூஹெய் புஜிசாவாவின் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 1868இல் யப்பானின் பழைய ஆட்சிமுறை கவிழ்வதற்குச் சில வருடங்களுக்கு முன் நடக்கிறது. இகுச்சி செய்பெய் ஒரு சாமுராய். ஆனால் பார்க்கிற வேலை களஞ்சியக் கணக்கு. சம்பளம் வருடத்துக்கு 50 கொக்கு அரிசி. ஒரு கொக்கு என்பது ஏறத்தாழ 180 லீற்றர், ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடக் காணும் என்று கணக்கு. மனைவி காசநோயில் இறந்துவிட்டாள். இரண்டு பெண் பிள்ளைகள், தன் மகனையே மறந்துபோன ஒரு தாய். வேலை முடிந்ததும் மற்றவர்கள் குடிக்கப் போக, இவன் பொழுதுபடும் நேரத்தில் வீட்டுக்கு ஓடுவான். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். இரவில் பூச்சிக்கூடு செய்து விற்கிறான். குளிக்க நேரமில்லை, உடுப்பு கிழிந்திருக்கிறது, கிட்டப் போனால் மணக்கிறது. மூத்த மகள், தையல் பழகினால் உடுப்புத் தைக்கலாம், படிப்பால் என்ன பயன் என்று கேட்கிறாள். படித்தால் சிந்திக்கிற பலம் வரும் என்கிறான். ஒரு பெண்பிள்ளையிடம் அந்தக் காலத்தில் இப்படிச் சொன்ன தகப்பனை நான் வேறு வாள் படங்களில் பார்த்ததில்லை.

அவனுக்கும் கட்டளை வருகிறது. தற்கொலை செய்ய மறுத்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் ஸென்எமொன் என்ற வாள்வீரனைப் போய்க் கொல்ல வேண்டும். செய்பெய் தயங்குகிறான், அவகாசம் கேட்கிறான். மறுத்தால் வேலை போகும் என்கிறார்கள். யமடா இதில் ஒரு காரியம் செய்கிறார். குடும்பப் பாசம் ஒரு தட்டில், கடமை மறு தட்டில் என்று நாம் பழகிய தராசை அவர் தூக்கிப் போட்டுவிடுகிறார். செய்பெய்யைக் கட்டிப் போடும் கயிறே அவன் பிள்ளைகள்தான். அந்த 50 கொக்கு போனால் அவர்கள் பட்டினி. பிள்ளை குட்டிக்காரனுக்குக் கட்டளையிடுவது மேலே இருப்பவர்களுக்கு மிகவும் இலேசு. இதை அறிந்தபின் அரிச்சந்திரனிடம் திரும்பிப் போனால், பெண்சாதியையும் பிள்ளையையும் விற்ற பிறகுதான் அவன் சுடலைக்கு வருகிறான் என்பது வேறு மாதிரித் தெரிகிறது.

கொல்லப் போகுமுன் தோமொயே என்ற பெண் வந்து செய்பெய்யின் தலைமயிரை வாரிக் கட்டிவிடுகிறாள். தமிழ் படித்த எவருக்கும் புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டிய தாய் நினைவுக்கு வருவாள். தகப்பனையும் கணவனையும் போரில் இழந்தவள், ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவி வாரி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். அது வீரத் தாய்க்கு உதாரணமாகவே வகுப்பறைகளில் சொல்லப்பட்டு வருகிறது. அந்தப் பையனின் வயது என்ன, அவன் என்ன சொன்னான் என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. லோகிதாசனிடமும் யாரும் கேட்கவில்லை. இப்றாஹீம் நபியின் வரலாற்றில், கனவைக் கண்ட தகப்பன் மகனிடமே போய், உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டதாகக் குர்ஆன் (சூறா அஸ்ஸாஃப்பாத்) சொல்கிறது. இறைவனிடமிருந்து வந்த கட்டளை. இருந்தும், விலை கொடுக்கப் போகிறவனிடம் ஒரு சொல் கேட்கப்படுகிறது. ஹஜ்ஜுப் பெருநாள் குத்பாக்களில் தியாகத்தைப் பற்றி வருடா வருடம் கேட்கிறோம். அந்தக் கேள்வியைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசலாம்.

இந்த மண்ணில் இதெல்லாம் வெறும் இலக்கியப் பேச்சு அல்ல. 1990 ஒக்டோபர் 30இல், இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்ற கட்டளையை யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு வந்தவர்களும், வழியில் சோதித்துக் காதுத் தோடு வரை கழற்றி வாங்கியவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். மேலிடத்துக் கட்டளை, நாங்கள் என்ன செய்யிறது என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களும் சந்திரமதிக்கு அழுத கொட்டகைகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். தாலியைக் கேட்ட காவலாளிக்கு அது ஆண்டையின் காசு என்று சொல்லவாவது ஒரு நியாயம் இருந்தது. தோட்டுக்கு அதுவும் இல்லை. அமானிதத்தையும் கட்டளையையும் ஒன்றாகக் குழப்பிக் கற்றுக்கொடுத்த ஒரு பண்பாடு, கட்டளை வரும்போது தன் பிள்ளைகளுக்கு மறுத்துப் பேசச் சொற்களை வைத்திருக்கவில்லை. இதில் எந்தச் சமூகமும் மற்றதைப் பார்த்து விரல் நீட்ட முடியாது. நம்முடைய ஊர்களிலும் 'மேலிடம்' என்ற சொல்லுக்குக் குறைவில்லை.

யமடாவின் படத்திலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கொல்லப் போன வீட்டில் ஸென்எமொன் உட்கார்ந்து கதைக்கிறான். அவனுக்கும் மனைவி, மகள் இருவரும் நோயில் போய்விட்டார்கள். மகளின் எலும்புச் சாம்பலை எடுத்து வாயில் போடுகிறான். தப்பிப் போக விடு என்று கேட்கிறான். செய்பெய்யும், மனைவியின் செத்தவீட்டுச் செலவுக்கு நீள வாளை விற்றுவிட்டேன், உறையில் இருப்பது மூங்கில் என்று தன் வறுமையைச் சொல்லிவிடுகிறான். ஒரே மாதிரியான இரண்டு தகப்பன்கள். அவன் போய்விடுவான், இவனும் விட்டுவிடுவான் என்று தோன்றுகிற நேரத்தில், மூங்கில் வாளோடு வந்து என்னை அவமதித்தாயா என்று ஸென்எமொன் சீறி எழும்புகிறான். சண்டையில் அவனுடைய நீள வாள் வீட்டின் மரச்சட்டத்தில் சிக்கிக்கொள்ள, செய்பெய்யின் கட்டை வாள் வென்றுவிடுகிறது. தப்ப விடுவதா இல்லையா என்ற முடிவை எடுக்க வேண்டிய தேவையிலிருந்து செய்பெய்யை இயக்குநர் காப்பாற்றிவிட்டார். அங்கே வாள் மாலையானது, இங்கே வாள் மரத்தில் சிக்கியது. தெய்வத்தை இறக்காமல் தச்சனை இறக்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனாலும் முடிவு வேறு. செய்பெய் இரத்தத்தோடு வீட்டுக்கு வருகிறான், தோமொயே காத்திருக்கிறாள், கல்யாணம் நடக்கிறது. மூன்று வருடம் கூட ஆகவில்லை, உள்நாட்டுப் போரில் ஒரு துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போகிறான். அந்தச் சாவு படத்தில் காட்டப்படவே இல்லை. வயதுபோன இளைய மகள் சொல்லித்தான் நமக்குத் தெரிய வருகிறது. உண்மையில் படம் முழுவதையும் சொல்லி வந்தவளே அவள்தான். அப்பா பாவம், துரதிர்ஷ்டசாலி என்று ஊரார் சொன்னதை நான் ஏற்கவில்லை என்று தகப்பனின் கல்லறைக்கு வந்த இடத்தில் சொல்கிறாள். அவள் சொல்வது சரியோ பிழையோ, சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. பட்டினி கிடந்தவள் அவள்.

அடுத்த தவணை அந்த வகுப்புக்கு ஒரு பயிற்சி கொடுக்க இருக்கிறேன். சுடலையில் எழும்பிய லோகிதாசன் வளர்ந்து, வயதுபோய், அந்த இரவைப் பற்றிச் சொல்வதாக இரண்டு பக்கம் எழுத வேண்டும். வாய்க்கரிசியைப் பற்றிக் கேட்ட பிள்ளை இப்போதே ஒரு கேள்வியோடு நிற்கிறாள்: "அவருக்குத் தகப்பனிலை கோவம் இருக்கலாமா, ரீச்சர்?" இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.