ஜொகூரில் சீன வரலாற்று உயராய்வின் வளர்ச்சி: ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

புலம்பெயர்ந்து குடியேறிய ஒரு சமூகத்தின் வரலாறு பல்கலைக்கழகத்தில் முதுகலை, முனைவர் பட்ட ஆய்வுக்குரிய பாடமாக வளர்வதற்குப் பேராசிரியர் பதவியும் வகுப்பறையும் மட்டும் போதா. சான்றுகளின் தொகுப்பு, அவற்றைப் படிக்கவல்ல மாணவர், களத்தில் இறங்கி உழைக்கும் ஆசிரியர், ஆய்வைத் தாங்கும் சமூகம் ஆகிய நான்கும் ஒருங்கே அமைதல் வேண்டும். ஜொகூர் மாநிலத்தில் சீன வரலாற்று ஆய்வு வளர்ந்த முறையை இந்நான்கின் வழி நோக்கி, அதன் சிறப்பையும் குறையையும் மதிப்பிட்டு, மலேசியத் தமிழர் வரலாற்றாய்வுக்கு அதனால் விளையும் படிப்பினையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்களமும் சான்றுகளும்

சீன வரலாற்றாய்வுக்கு ஜொகூர் வளமான களமாகும். தெமெங்கோங் இப்ராகிம் 1844இல் ஆற்றுப்பள்ளத்தாக்குகளைத் திறக்கும் உரிமையைச் சீனத் தலைவர்களுக்கு வழங்கத் தொடங்கினார். ‘சூராட் சுங்கை’ எனப்பட்ட அவ்வுரிமைப் பத்திரத்தைப் பெற்றவர் ‘காங்சூ’ எனப்பட்டார். மிளகும் காம்பீரும் பயிரிட்ட அக்குடியேற்றங்களில் தியோச்சூ மக்கள் மிகுந்திருந்தனர். 1873இல் காங்சூ முறைக்கெனத் தனிச்சட்டம் வகுக்கப்பட்டது. 1917இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. 1855இல் தஞ்சோங் புத்திரியாகத் தோன்றி, 1866இல் ஜொகூர் பாரு எனப் பெயர் பெற்ற நகரின் வளர்ச்சி இம்முறையோடு பின்னிப் பிணைந்தது.

காங்சூக்களுக்கு அளிக்கப்பட்ட பத்திரங்கள் ஜாவி எழுத்தில், மலாய் மொழியில் அமைந்தவை. கோயிற் பலகைகள், மணிகள், கல்லறைகள் ஆகியவற்றில் உள்ளவை சீன எழுத்துகள். குடியேற்ற ஆட்சியின் அறிக்கைகளோ ஆங்கிலத்தில் உள்ளன. ஆகவே இம்மண்ணின் சீன வரலாற்றை எழுத மும்மொழிப் பயிற்சி இன்றியமையாதது. கார்ல் திரோக்கி 1979இல் வெளியிட்ட தெமெங்கோங்குகள் பற்றிய ஆங்கில நூல், ஜொகூர் அரசு ஆவணங்களைப் பயன்படுத்தியே இம்முறையின் உள்ளமைப்பை விளக்கிற்று.

பள்ளியிலிருந்து பல்கலைக்கழகக் கல்லூரி வரை

1913இல் ஜொகூர் பாருவில் தோன்றிய பூன் இயூ பள்ளி, பின்னர்ச் சீனமொழி வழியிலான தனியார் இடைநிலைப்பள்ளியாக நிலைபெற்றது. இத்தகைய பள்ளிகளுக்கென 1975இல் ஒருங்கிணைந்த தேர்வு தொடங்கப்பட்டது. ஆதலின் இடைநிலைக் கல்வியின் இறுதி வரை வரலாற்றையும் சீனமொழியிலேயே கற்று வரும் மாணவர் குழாம் ஒன்று தொடர்ந்து உருவாயிற்று. இம்முயற்சியின் நீட்சியாக 1990இல் சதர்ன் கல்லூரி சீனச் சமூகத்தின் நன்கொடையால் தோன்றியது. அது பின்னர் ஸ்கூடாயில் நிலைகொண்டது.

கல்லூரி நிலையில் உள்ள ஒரு தனியார் நிறுவனம் தன் பெயரில் பட்டம் வழங்க இயலாது. 2012இல் அது பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்தபோதே அத்தடை நீங்கிப் பட்ட மேற்படிப்புக்கும் வழி திறந்தது. இவ்விடைவெளியில் அங்கு நிகழ்ந்த பணியே நம் கவனத்திற்குரியது. பட்டம் வழங்கும் உரிமை கிட்டும் வரை ஆய்வு காத்திருக்கவில்லை.

ஜொகூர் பாருவில் பிறந்தவரான பேராசிரியர் டே லியான் சூ, மலாயாப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியபின் சதர்ன் கல்லூரிக்கு வந்தார். மலேசியச் சீனக் கல்வியின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய அவர், 2000களின் தொடக்கத்தில் மாநிலமெங்கும் சீனர் பற்றிய சான்றுகளைத் திரட்டும் பணியில் சக ஆசிரியரோடும் மாணவரோடும் ஈடுபட்டார். சங்கங்களின் ஏடுகள், கோயிற் பொறிப்புகள், முதியோர் வாய்மொழி ஆகியன தொகுக்கப்பட்டன. இப்பணிக்கு முன்னோடியாக, வூல்ஃப்காங் ஃபிராங்கேயும் சென் தியே ஃபானும் 1982 முதல் 1987 வரை மூன்று தொகுதிகளாக மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழி வெளியிட்ட மலேசியச் சீனப் பொறிப்புகளின் பெருந்தொகுப்பு விளங்கிற்று. 2009இல் ஜொகூர் பாருவில் திறக்கப்பட்ட சீனர் மரபு அருங்காட்சியகம் இத்தேடலைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டு சென்றது.

குறைகள்

இவ்வளர்ச்சியைப் பாராட்டும் அதே வேளையில் அதன் குறைகளையும் சுட்டுதல் கடன். முதலாவதாக, இங்கு வரலாறு பெரும்பாலும் சீன மொழி, இலக்கியத் துறையின் நிழலிலேயே வளர்ந்துள்ளது. பழம்பனுவலைப் படிக்கும் பயிற்சி மாணவர்க்கு மிகுதி. நிலவரி, மக்கட்கணக்கு, வணிகப் பதிவு ஆகியவற்றை ஆராயும் பயிற்சி அதற்கு ஈடாக அமைவதில்லை. இரண்டாவதாக, நன்கொடையாளர் தாங்கும் ஆய்வில் முன்னோடிகளின் புகழ் மேலோங்குவது இயல்பு. காங்சூவின் பெயர் தெருவுக்கும் ஊருக்கும் நிலைக்கிறது. கடனிலும் அபினியிலும் சிக்கிய காம்பீர்த் தோட்டக் கூலியின் வாழ்வு அடிக்குறிப்பாகச் சுருங்குகிறது. மூன்றாவதாக, ஜாவி ஆவணங்களைப் படிக்கும் திறன் கட்டாயப் பயிற்சியாக அமையாத வரை, ஆட்சியாளரோடு சீனர் கொண்ட உறவு ஒருபக்கப் பார்வையிலேயே எழுதப்படும். சமூகத்தின் பொருளால் வளரும் ஒரு துறை அச்சமூகத்தைக் கேள்வி கேட்கவும் உரிமை பெற்றாலன்றி அதன் ஆய்வு முழுமையடையாது.

தமிழாய்வோடு ஒப்பீடு

இந்நிலையை நம் நிலையோடு ஒப்பிடுவோம். 1956இல் அன்று சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோன்றிப் பின்னர்க் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதித்திரட்டு அக்காலத் தமிழரின் ஆர்வத்திற்குச் சான்று. தனிநாயகம் அடிகள் 1961 முதல் துறைக்குத் தலைமை தாங்கியதும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதும் நாம் பெருமையோடு நினைவுகூர்வன. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வியல் துறையோ 1963இல்தான் அமைந்தது. காலத்தால் நாம் பின்தங்கியவர் அல்லர்.

எனினும் நம் வளர்ச்சி மேலிருந்து கீழ்நோக்கியது. துறை முதலில் வந்தது. மலேசியத் தமிழர் வரலாற்றுக்கான சான்றுத் தொகுப்பு அதே வேகத்தில் தொடரவில்லை. இராம சுப்பையா 1969இல் வெளியிட்ட ‘தமிழ் மலேசியானா’ நூற்பட்டியல் அரிய தொடக்கம். மலேசிய இந்தியர் வரலாற்றின் அடிப்படை நூல்களாகக் கருதப்படும் கெர்னியல் சிங் சாந்துவின் 1969ஆம் ஆண்டு நூலும், சின்னப்பா அரசரத்தினத்தின் 1970ஆம் ஆண்டு நூலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுவதால், இடைநிலைப்பள்ளியில் நம் மாணவர் தமிழை ஒரு பாடமாகக் கற்கின்றனரே அன்றித் தமிழில் வரலாறு கற்பதில்லை. இலக்கியத்தில் தேர்ந்த மாணவரும் தோட்டக் கணக்கேட்டின் முன் திகைத்து நிற்பதற்கு இதுவே காரணம்.

சீனரின் பொருள்வளம் நமக்கில்லை என்பர். அது உண்மையே, ஆயினும் முழு விளக்கம் அன்று. கோயில் நிருவாகக் குழுவின் பழைய கணக்கேடு, தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, சங்கத்தின் கூட்டக் குறிப்பேடு ஆகியவற்றைப் படியெடுத்துப் பாதுகாக்கப் பெருநிதி வேண்டியதில்லை. ஜொகூரில் லாபிஸ், சிகாமட், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும் துண்டாடப்பட்டும் நகர்ப்புறமாகியும் வந்துள்ளன. தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் வெளியேறும்போது பள்ளி இடம்மாறுகிறது, கோயில் பெயர்க்கப்படுகிறது, ஏடுகள் கரையானுக்கு இரையாகின்றன. சயாம் மரண இரயில்பாதைக்கு 1942க்கும் 1945க்கும் இடையில் கொண்டு செல்லப்பட்டோரின் நினைவுகளைச் சொல்ல வல்லவர் இன்று மிகச் சிலரே.

முடிவுரை

ஜொகூர்ச் சீனரின் பட்டறிவிலிருந்து நாம் கொள்ளத்தக்கது பாடத்திட்டத்தின் வடிவத்தை அன்று, பணியின் வரிசையைத்தான். சான்று திரட்டல் முன்னும் பட்டம் பின்னுமாக அங்கு அமைந்தன. தமிழாசிரியர்கள் தத்தம் பள்ளியின் பதிவேடுகளையும் வட்டாரத்துக் கோயிற் பொறிப்புகளையும் மாணவரைக் கொண்டு பட்டியலிடலாம். பல்கலைக்கழகத் துறைகள் அப்பட்டியல்களை ஒருங்கிணைத்து, முதுகலை மாணவர்க்கு ஜாவியும் ஆவணவியலும் கற்பிக்கலாம். அவ்வாறு எழும் வரலாறு கங்காணியின் புகழை மட்டும் பாடாமல், அவர் பெயரேட்டில் ஒரு வரியாக நின்றுபோன தொழிலாளியையும் பேசுதல் வேண்டும். சீனர் ஆய்வில் நாம் கண்ட குறை நம் ஆய்வில் தொடக்கத்திலேயே தவிர்க்கப்படுமாயின், பிந்தித் தொடங்குவதும் ஒருவகையில் நன்மையாகும்.