அழகே காவலாக: மரப் பெட்டகங்களின் மரபுகளும் தரங்களும்

மரத்தில் பணப்பெட்டகம் செய்யப்போகிறேன் என்று யாராவது சொன்னால், கேட்பவர் உடனே ஒன்று கேட்பார்: ‘உளியும் சுத்தியலும் கையில் இருப்பவன் சில நிமிடத்தில் உடைத்துவிட மாட்டானா?’ உடைப்பான், அதில் சந்தேகமில்லை. இரும்புப் பெட்டகத்தோடு பலத்தில் போட்டியிட மரத்தால் ஆகாது. அப்படியிருந்தும் வணிகர்களும் கப்பல் தலைவர்களும் அரசர்களும் நூற்றாண்டுக் கணக்கில் தங்கள் காசையும் கணக்கையும் நகையையும் மரப்பெட்டியில்தான் வைத்தார்கள். மரப்பெட்டியைச் சத்தமில்லாமல் திறக்க முடியாது. திறந்தால் தடம் நிற்கும். திறந்த பிறகும் பொருள் எந்த அறையில் இருக்கிறதென்று வந்தவனுக்குத் தெரியாது. இந்த மூன்றும்தான் அதன் காவல்.

வெவ்வேறு நாடுகளில் செய்யப்பட்ட மரப் பெட்டகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எல்லாவற்றிலும் ஒரு பொதுக்குணம் தெரிகிறது. நல்ல பெட்டகத்தில் அலங்காரம் பலவீனமான இடத்தில்தான் உட்காரும். மூலை, விளிம்பு, கீல், சாவித்துவாரம், பலகைகள் சேரும் கோடு என எங்கே உளி நுழையுமோ, எங்கே கண் துப்பறியுமோ, அங்கேதான் ஆசாரி தன் கைவேலையைக் கொட்டியிருப்பார். வெற்றுப் பரப்பில் பூ வரைந்துவிட்டு மூலையை மொட்டையாக விட்ட பெட்டி, பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தாலும், பெட்டகம் என்ற பெயருக்குத் தகுதியானதல்ல. இந்த ஒரு அளவுகோலைக் கொண்டே இக்கட்டுரையில் மரபுகளைப் பார்க்கிறேன்.

நமக்குப் பழகிய கல்லாப்பெட்டியிலிருந்து தொடங்கலாம். தரையில் சம்மணமிட்டு அமர்ந்த வணிகரின் மடிக்கு எதிரே இருந்த பெட்டி அது. சரிந்த மூடிமேல் கணக்குப் புத்தகத்தை விரித்து எழுதலாம், மூடியைத் தூக்கினால் உள்ளே காசு போடும் குழிகள் இருக்கும். சில பெட்டிகளில் அந்தக் குழிகள் கொண்ட தட்டையே அப்படியே மேலே தூக்கலாம், அடியில் இன்னோர் அறை இருக்கும். கடைக்கு வருகிறவர் கண்ணுக்குச் சில்லறை தெரியும், பெருந்தொகை தெரியாது. பர்மாத் தேக்கு தாராளமாக வந்திறங்கிய காலத்தில் இந்தப் பெட்டிகளுக்கு நல்ல மரம் கிடைத்தது. இன்று பழம்பொருள் கடைகளில் அவற்றை மெருகேற்றி வரவேற்பறை மேசையாக விற்கிறார்கள். வாங்குகிறவர்களில் பலர் அந்தத் தட்டைத் தூக்கிப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

மலையாள நாட்டின் நெட்டூர்ப் பெட்டி வேறு குலம். ஆமாடப்பெட்டி என்றும் அதைச் சொல்வார்கள். நகை வைக்கும் பெட்டி, ஈட்டி மரத்தில் செய்வது. மூடி கேரளக் கோயில் கூரைபோல நாலாபுறமும் சரிந்து மேலே கூம்பும். சரிவுப் பலகைகள் கூடும் முகடுகள்தான் அந்த வடிவத்தின் பலவீனம். மரம் சுருங்கினால் முதலில் அங்கேதான் வாய் பிளக்கும். அந்த முகடுகளின் மேலேயே பித்தளைப் பட்டை ஓடுகிறது. பட்டையை எடுத்துவிட்டால் அழகும் போகும், மூடியும் பிரியும். முன்புறம் பூட்டைத் தாங்கும் பித்தளைத் தகட்டில் வேலைப்பாடு நிறைந்திருக்கும். சித்திரப்பூட்டு என்ற பெயரே அதனால் வந்தது.

என் பார்வையில் இந்தக் கலையின் உச்சம் ஜப்பானியரின் கப்பல் பெட்டகம். ஃபுனதான்சு என்பது அதன் பெயர். எடோ காலத்தின் பிற்பகுதியிலும் மெய்ஜி காலத்திலும் ஒசாகாவிலிருந்து மேற்குக் கரையோரமாக வடக்கே ஹொக்கைடோ வரை கிதமாயேபுனே என்ற வணிகக் கப்பல்கள் ஓடின. சரக்கை ஏற்றிக் கூலி வாங்கிய கப்பல்கள் அல்ல இவை. துறைமுகத்துக்குத் துறைமுகம் தாமே வாங்கி, தாமே விற்ற மிதக்கும் கடைகள். தெற்கிலிருந்து உப்பு, அரிசி மது, பருத்தித் துணி போயின. வடக்கிலிருந்து கடற்பாசியும் வயலுக்கு உரமாகும் ஹெர்ரிங் மீனும் வந்தன. இப்படிப்பட்ட கப்பலின் தலைவனுக்கு ரொக்கம், கணக்கேடு, முத்திரை, கப்பலின் அனுமதிச் சீட்டு எல்லாவற்றையும் வைக்க ஒரு பெட்டி தேவைப்பட்டது. அது அலையில் உருளக்கூடாது, நனைந்தாலும் உள்ளே ஈரம் போகக்கூடாது, துறைமுகத்து மொத்த வியாபாரியின் முன்னால் கொண்டுபோய் வைத்தால் உடையவனின் மதிப்பையும் சொல்ல வேண்டும்.

இதற்காக மூன்று வகைகள் உருவாயின. ககேசுசுரி என்பது ஒற்றைக் கதவு கொண்ட சிறு பெட்டி, மேலே கைப்பிடி, கதவைத் திறந்தால் இழுப்பறைகள். சோபாகோ என்பது கணக்குப் பெட்டி, கதவும் இழுப்பறைகளும் பல அறைகளாகக் கலந்திருக்கும். ஹாங்காய் துணிமணிக்கான பெட்டி, முன்பலகையைக் காடியில் தூக்கிப் பொருத்துவார்கள். செய்த ஊர்களில் புகழ்பெற்றவை மூன்று: சாதோ தீவின் ஓகி, யமகத்தா மாவட்டத்தின் சகத்தா, ஃபுகுயி மாவட்டத்தின் மிகுனி. மூன்றுமே கப்பல்கள் தங்கிய துறைமுகங்கள். வாங்குகிறவன் கடலிலிருந்து இறங்கி நேரே பட்டறைக்கு வந்தான், கடலில் பெட்டி எப்படி நடந்துகொண்டது என்று சொன்னான். இந்தக் கலை இவ்வளவு கூர்மையடைந்ததற்கு அந்த நெருக்கமே காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு பெட்டிக்கு மூன்று தொழிலாளர்கள் வேண்டும். மரவேலைக்கு ஒருவர், மெருகுக்கு ஒருவர், இரும்புக்கு ஒருவர். முகப்பு கெயாகி என்ற மரம். கடினமானது, வரி ஓட்டம் மலைத்தொடர்போலப் புரளும். உள்ளே கிரி மரம். எடையில் நீரின் மூன்றில் ஒரு பங்கும் தேறாத மிக லேசான மரம் அது. ஈரம் பட்டதும் சற்று உப்பி, இடைவெளிகளைத் தானே அடைத்துக்கொள்ளும். கப்பல் மூழ்கும் நிலை வந்தால் பெட்டியைக் கடலில் வீசுவார்கள், அது மிதந்து கரைசேரும், உள்ளே கணக்கேடு நனையாமல் இருக்கும் என்று அந்த ஊர்களின் கைவினைஞர்கள் சொல்வதன் அடிப்படை இதுதான்.

முகப்பில் பாதியை இரும்பு மூடியிருக்கும். காய்ச்சி அடித்த தகட்டில் உளியால் வெட்டி எடுத்த கொக்கு, ஆமை, பைன், மூங்கில், குடும்பச் சின்னம் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கொக்கு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். பூட்டின் நாக்கு உள்ளே போகும் இடத்தின் மேல் நிற்கிறது. மூலைத் தகடு இரண்டு பலகைகளின் மூட்டை மூன்று பக்கமும் சுற்றிப் பிடிக்கிறது. வெட்டி எடுத்த ஓட்டைகள் வழியே மரத்தின் வரி தெரிகிறது, ஆனால் உளிமுனை நுழையும் அளவுக்கு விளிம்பில் எங்கும் வெறுமை இல்லை. இரும்பைச் சுட்டு அதன்மேல் உருஷி என்ற மரப்பாலைப் பூசி ஏற்றுவார்கள், உப்புக்காற்றில் துரு பிடிக்காமல் இருக்க.

வெளியே இத்தனை கம்பீரம் என்றால் உள்ளே அத்தனை தந்திரம். ஓர் இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்தால்தான் பின்சுவர் என்று நினைத்த பலகை நகரும். அதன் பின்னால் கிரி மரத்தில் இன்னொரு சிறுபெட்டி இருக்கும், அதற்குள் வேறொன்றும் இருக்கலாம். ஜப்பானில் மக்கள் கைவினை இயக்கத்தைத் தொடங்கிய யனாகி சோஎத்சு (1889–1961) இந்தப் பெட்டகங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். பேர் தெரியாத கைவினைஞர்களின் அன்றாடப் பொருளில் அழகைத் தேடியவர் அவர், இந்தப் பெட்டிகளில் நின்றுவிட்டதில் வியப்பில்லை.

அதே நாட்டில், இரும்பே இல்லாமல் காவல் செய்த பள்ளி ஒன்று உண்டு. அது ஹகோனே மலை. கனகாவா மாவட்டத்தில் பழைய தொகாய்தோ நெடுஞ்சாலையில் ஹதாஜுகு என்ற ஊர். வண்ண மரங்களை ஒட்டி வடிவமாக்கும் யோசெகி வேலையை எடோ காலத்தின் இறுதியில் அங்கே தொடங்கியவர் இஷிகாவா நிஹெய் (1790–1850). 1984-ல் ஜப்பானிய அரசு அதை மரபுக் கைவினையாக அறிவித்தது. சாயம் பூசுவதில்லை. வெள்ளை, மஞ்சள், பழுப்பு, கறுப்பு எல்லாம் மரத்தின் சொந்த நிறம். மெல்லிய சட்டங்களைக் கோணம் பார்த்து ஒட்டி, கட்டையாக்கி, அந்தக் கட்டையின் முகத்தை அகன்ற இழைப்புளியால் ஒரே இழுப்பில் சீவுவார்கள். வெளிவரும் சுருள் தாளைவிடச் சற்றே தடிமன், அவ்வளவுதான். சுருண்டுகொண்ட அதைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் நீவித் தட்டையாக்கிப் பெட்டியின் மேல் ஒட்டுகிறார்கள்.

இந்த அலங்காரத்துக்கும் காவலுக்கும் என்ன உறவு என்பதை அந்த ஊரின் ரகசியப் பெட்டியில், ஹிமித்சுபாகோவில், பார்க்கலாம். அதில் சாவி இல்லை, பூட்டு இல்லை, மூடியின் கோடுகூடத் தெரியாது. ஒரு பக்கப் பலகை சில மில்லிமீட்டர் கீழே இறங்கும். அது இறங்கினால்தான் அடுத்த பலகைக்கு நகர இடம் கிடைக்கும், அது நகர்ந்தால் எதிர்ப்பக்கம் விடுபடும், கடைசியில் மேற்பலகை வழுக்கித் திறக்கும். 4 நகர்த்தலில் திறப்பதும் உண்டு, 10, 21 என்று ஏறி 72 நகர்த்தல் கேட்பதும் உண்டு. வரிசை ஒன்று தவறினாலும் பெட்டி கட்டைபோல இருக்கும். பலகைகள் பிரியும் கோடு மட்டும் கண்ணில் பட்டுவிட்டால் இவ்வளவும் வீண். சிறுசிறு முக்கோணங்களும் கட்டங்களும் நிறைந்த யோசெகி வடிவத்தில் ஏற்கெனவே நூறு கோடுகள் உண்டு, பிரியும் கோடு அவற்றில் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. அந்த வடிவமைப்பே அங்கு பூட்டு.

ஐரோப்பாவில் இதே எண்ணத்தை அரசவைச் செலவில் செய்தவர்கள் ஜெர்மனியின் நொய்வீட் நகரத்து ரோயன்ட்கன் தந்தையும் மகனும். மகன் டேவிட் (1743–1807) 1779-ல் முடித்து, பின்னாளில் பிரஷ்ய மன்னரான இரண்டாம் ஃபிரெடரிக் வில்லியத்திடம் சேர்த்த எழுத்துமேசை அலமாரி பன்னிரண்டு அடிக்கு அருகில் உயரம், இப்போது பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் இழுப்பறைகளும் படிப்புத் தாங்கியும் தாமாக வெளிவரும். மர ஓவியம் பதித்த பலகை விலகினால் சாவித்துவாரம் தெரியும். அதன் திறமையை வணங்குகிறேன். ஆனால் வீட்டுப் பட்டறையில் பெட்டகம் செய்யப்போகிறவர் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கே குறைவு, மிகுனியிலும் ஹதாஜுகுவிலும் அதிகம்.

இனி தரம். இரும்புப் பெட்டகத்துக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 550 என்ற எழுதப்பட்ட தரநிர்ணயம் உண்டு. மரப் பெட்டகத்தின் தரத்தை ஆசாரியின் கையும் கண்ணும்தான் சொல்ல வேண்டும். நான் பார்ப்பது இவற்றை.

முதலில் இழுப்பறை. நன்றாகச் செய்த பெட்டியில் திறந்திருக்கும் ஓர் இழுப்பறையைத் தள்ளி மூடினால், மூடியிருந்த இன்னொன்று மெல்ல வெளியே வரும். உள்ளே அடைபட்ட காற்று அதைத் தள்ளுகிறது. சுற்றிலும் இடைவெளி அவ்வளவு குறைவு, ஆனால் எங்கும் உரசவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. கிரி மரப் பெட்டிகளில் இது சாதாரணம். நம் தேக்கில் இதைக் கொண்டுவருவது கடினம், முடியாததல்ல.

அடுத்து, ரகசிய அறையின் கணக்கு. பெட்டியின் வெளி ஆழம் 40 செ.மீ., இழுப்பறையின் நீளம் 28 செ.மீ. என்றால் அளவுநாடா வைத்திருக்கும் எவனுக்கும் உண்மை தெரிந்துவிடும். கெட்டிக்கார ஆசாரி இழுப்பறைகளின் நீளத்தை ஒன்றுக்கொன்று மாற்றி வைப்பார், அல்லது ரகசிய அறையைப் பின்னால் வைக்காமல் அடித்தட்டின் தடிமனுக்குள்ளோ இரண்டு இழுப்பறைகளுக்கு நடுவிலுள்ள சட்டத்துக்குள்ளோ மறைப்பார். கண் ஆழத்தைச் சந்தேகிக்கும், சட்டத்தின் தடிமனைச் சந்தேகிப்பது அரிது.

பிறகு மரத்தின் அசைவு. பலகை அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. வளையங்களைத் தொட்டுச் செல்லும் திசையில் சுருக்கம், ஆர வாக்கில் உள்ளதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் நகரும் பலகைகளுக்கு ஆரவாக்கில் அறுத்த மரம் வேண்டும். ஈரம் 12 விழுக்காட்டுக்கு அருகில் வரும்வரை காயவிட வேண்டும். சென்னைபோன்ற கடற்கரை ஊரில் ஐப்பசி அடைமழையில் ஒட்டாமல் வைகாசி வெயிலில் ஆடாமல் இருக்கிறதா என்பதே தேர்வு. ஒரு வருடம் கழித்துப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் நல்ல பெட்டி என்று நான் சொல்வதில்லை.

புதிதாகச் செய்ய விரும்புகிறவர் ககேசுசுரி வகையில் தொடங்கட்டும். அகலம் 30, உயரம் 35, ஆழம் 40 செ.மீ. போதும். உடலுக்கு 18 மி.மீ. தேக்கு, மூலைகளில் புறாவால் மூட்டு. இழுப்பறைக்கு மலைவேம்பு போன்ற லேசான மரம். ஈட்டியைத் தேடி அலைய வேண்டாம். அந்த மரத்தின் பேரினம் முழுவதும் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் வந்துவிட்டது, அரிதாகியும் விட்டது. பழைய கதவு, கட்டில் உடைத்த மரத்தில் நன்றாகக் காய்ந்த துண்டு கிடைத்தால் முகப்புக்கு அதை வையுங்கள். நம் கடற்கரையில் இரும்பைவிடப் பித்தளைத் தகடு நல்லது, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். அதில் என்ன உருவம் வெட்டுவது என்பது உங்கள் விருப்பம், அன்னமோ யாளியோ கொடியோ. எங்கே பொருத்துவது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: மூலை எட்டிலும், கீலின் மேலும், பூட்டு நாக்கின் மேலும். கதவை மூடியபின் கீலின் அச்சாணி வெளியே தெரிந்தால் பூட்டு இருந்தும் பயனில்லை, ஆணியைத் தட்டிக் கதவையே கழற்றிவிடலாம். ஆகவே கீலை உள்ளே புதையுங்கள், அல்லது ஆணியின் இரு முனையையும் அடித்துப் பரப்பிவிடுங்கள்.

ரகசிய அறை ஒன்றே ஒன்று வையுங்கள், அதைத் திறக்க இரண்டு அசைவுக்கு மேல் வேண்டாம். நகரும் பலகையின் விளிம்பில் தேன்மெழுகு தடவினால் மழைக்காலத்திலும் ஓடும். பெட்டி முடிந்ததும் வீட்டில் இன்னொருவருக்கு அதைத் திறக்கக் கற்றுக்கொடுங்கள். திறக்கும் வழி ஒருவர் நினைவில் மட்டும் இருந்தால், பிற்காலத்தில் வாரிசுகள் உளியோடுதான் அதை அணுகுவார்கள்.