கோலமிடும் கையும் கொண்டாடாத நாடும்

பச்சைமலை அடிவாரத்திலே, பெரம்பலூர் மாவட்டத்திலே, அரும்பாவூர் என்றோர் ஊர். உளியோசையால் பேர்பெற்ற ஊர். ஒரே கட்டையைக் குடைந்து உருவத்தை வெளியே அழைத்து வரும் கைவினைஞர் வாழும் ஊர். வாகையானால் என்ன, மாவானால் என்ன, வேம்பானால் என்ன, அவர்கள் கைபட்ட மரம் மயிலாகும், யாளியாகும், குதிரையாகும். தேர்ச்சிற்பம் வேண்டுமா, வாகனம் வேண்டுமா, வேலைப்பாடு மிக்க கதவு வேண்டுமா, அரும்பாவூரைத் தேடி வருகிறார்கள். 2020ஆம் ஆண்டு அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உழைத்த கைக்கு ஊரறியப் பெயர் கிடைத்தது கண்டு நாம் மகிழ்ந்தோம். இன்றும் மகிழ்கிறோம்.

ஆனால், அந்தச் சிற்பி உளியைக் கையில் எடுக்குமுன்பே, அவன் வீட்டு வாசலிலே ஒரு சித்திரம் முடிந்துவிடுகிறதே, அதை எழுதியவள் யார்? அவளுக்கு எந்தக் குறியீடு? வாசல் தெளித்து, புள்ளி வைத்து, குனிந்த தலை நிமிராமல் கம்பியிழுத்து, அரை நாழிகையிலே ஒரு பூந்தோட்டத்தைத் தரையிலே விரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாளே! உச்சிப்பொழுதுக்குள் அதன்மேல் மிதிவண்டி ஏறும், ஆடு நடக்கும், அவள் கணவனே மிதித்துப் போவான். மறுநாள் விடியலில் மீண்டும் புள்ளி. ஆண்டுக்கு 365 நாள். உலகத்திலே இத்தனை இடைவிடாத ஓவியப் பயிற்சி வேறெங்கும் உண்டோ? அதைக் கலை என்று சொல்ல நம் நாட்டு நா ஏன் கூசுகிறது?

இந்தக் கேள்வியை நாம் இப்போது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. பட்டணங்களிலே ஒரு புதுமோகம் பரவியிருக்கிறது. ‘மண்டலா’ என்று அதற்குப் பெயர். தாளிலே வட்டம், வட்டத்துக்குள் வட்டம், நடுவிலிருந்து விரியும் இதழ்கள், கோணங்கள். இவற்றுக்கு நாள்தோறும் வண்ணந் தீட்டினால் மனம் அமைதியுறும் என்கிறார்கள். அச்சிட்ட புத்தகம் விற்கிறது. அதற்கென்று வண்ணக்கோல் விற்கிறது. கட்டணம் கட்டிக் கற்க வகுப்பும் இருக்கிறது. வகுப்பு நடத்துவோரில் சிலர் அத்தோடு நிற்பதில்லை. சக்கரம் என்கிறார்கள், அதிர்வு என்கிறார்கள், பிரபஞ்ச ஆற்றல் வட்டத்தின் வழியே இறங்குகிறது என்கிறார்கள். வண்ணம் விற்கட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வண்ணத்தோடு மயக்கத்தையும் மடித்துக் கொடுப்பதைத்தான் கேள்வி கேட்கிறோம்.

மண்டலம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. சோழ மண்டலம் என்றோம், தொண்டை மண்டலம் என்றோம். சித்த மருத்துவர் ‘ஒரு மண்டலம் மருந்துண்’ என்றால் நாற்பத்தெட்டு நாள் என்று பாட்டிக்குத் தெரியும். தரையிலே எழுதும் சித்திரத்துக்கும் அச்சொல் வழங்கியிருக்கிறது. நாச்சியார் திருமொழியின் தொடக்கத்திலேயே, தை மாதத்தில் தரையைத் துலக்கி, மண்டலமிட்டு, வெண்ணிற நுண்மணலால் தெருவை அணிசெய்யும் பெண்ணைக் காண்கிறோம். அவள் வணங்கியது காமதேவனை. கேட்டது தன் மனத்துக்கினியவனை. பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டுப் படித்தாலும், தன் ஆசையைத் தெருவிலே எழுதிக் காட்டிய துணிவு கண்ணுக்குத் தெரிகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னே நம் பெண்டிர் செய்ததை, இன்று ‘மண்டலா’ என்று வாய்குவித்து உச்சரித்து நமக்கே திருப்பி விற்கிறார்கள். விலையும் குறைவில்லை!

மேலைநாட்டில் இந்த மோகத்துக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் சுவிட்சர்லாந்து நாட்டு மனநூல் அறிஞர் கார்ல் யூங். 1916இல் தம் முதல் மண்டலச் சித்திரத்தைத் தீட்டினார். முதல் உலகப்போரின் இறுதியில், 1918, 1919 ஆண்டுகளில், ஷாத்தோ தே என்ற ஊரில் அடைக்கலம் பெற்றிருந்த ஆங்கிலப் போர்வீரர் முகாமின் பொறுப்பில் இருந்தபோது, காலைதோறும் குறிப்பேட்டில் ஒரு சிறு வட்டச் சித்திரம் எழுதிவந்தார். அன்றன்றைய தம் மனநிலை அதிலே பதிவதாகக் கண்டார். அதுவரையில் நமக்குச் சம்மதம். நாள்தோறும் எழுதுகிறவனின் கை, அவன் மனத்தைக் காட்டிக் கொடுக்கத்தானே செய்யும்? அதற்குமேலே போய், வட்டம் மனித குலத்தின் ஆழ்மனத்தில் பிறவியிலேயே பொறித்த முத்திரை என்று அவர் கட்டிய மாடியிலே ஏறுவதற்குத்தான் நமக்குப் படி அகப்படவில்லை.

சோதனை என்ன சொல்கிறது? 2005இல் அமெரிக்க ஆய்வாளர்களான கரி, காசர் என்ற இருவர் 84 கல்லூரி மாணவரை மூன்று குழுவாகப் பிரித்தனர். முதலில் அவர்கள் மனத்திலே கலக்கத்தைக் கிளப்பிவிட்டு, பிறகு ஒரு குழுவிடம் மண்டலத்தையும், ஒரு குழுவிடம் வெறும் கட்டம்போட்ட துணியின் கோலத்தையும், ஒரு குழுவிடம் வெற்றுத் தாளையும் கொடுத்து வண்ணந் தீட்டச் சொன்னார்கள். மண்டலம் தீட்டியவரின் கலக்கம் தணிந்தது. கட்டம் தீட்டியவரின் கலக்கமும் ஏறத்தாழ அதே அளவு தணிந்தது! வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு விழித்தவர்களுக்குத்தான் பலனில்லை. 2012இல் வேறிருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, கட்டத்தைவிட வட்டத்துக்குப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அதையும் சொல்லிவிடுகிறோம், நமக்கு ஒவ்வாத முடிவை மறைப்பது பகுத்தறிவாகாது. ஆனால் இரண்டு சோதனையிலும் வேலை செய்தது கையும் கண்ணும் கவனமும்தாமே? எங்கே முடியும் என்று தெரிந்த ஒரு வேலை, சிந்தனை சிதறாத அளவுக்குச் சிக்கல், சலிப்பு வராத அளவுக்கு மாற்றம். இவை கூடினால் மனம் தன் புண்ணைச் சொறிவதைச் சற்று நிறுத்துகிறது. 2013இல் வெளிவந்து நாடு நாடாக விற்ற ஜொஹான்னா பாஸ்போர்டு அம்மையாரின் வண்ணப் புத்தகத்திலே பெரும்பாலும் இருந்தவை இலையும் கொடியும் பூச்சியுமே. மந்திரம் சொல்லியா அவற்றுக்கு வண்ணந் தீட்டினார்கள்?

வட்டத்தைப் பற்றி இன்னொன்றும் கேட்போம். நடுவிலே யார்? திபெத்திய மண்டலத்தை உற்றுப் பாருங்கள். அது மேலிருந்து பார்த்த அரண்மனை. நான்கு வாயில், நடுவிலே ஒரு தெய்வம். சிற்ப நூல்கள் கூறும் வாஸ்து மண்டலம் 64 கட்டமாகவோ 81 கட்டமாகவோ நிலத்தைப் பிரித்து, நடுவிலே பிரம்மனை உட்கார வைக்கிறது. அர்த்தசாத்திரத்திலே அரசர் மண்டலம் என்றொரு வட்டம். நடுவிலே வெல்ல விரும்பும் வேந்தன். அதே நூல்தான் நகருக்கு இடம் வகுக்கும்போது நால்வருணத்துக்கும் நான்கு திக்கு ஒதுக்கி, சண்டாளரைச் சுடுகாட்டு ஓரத்துக்குத் துரத்துகிறது. வட்டம் அழகாகத்தான் இருக்கிறது, நடுவிலே இருப்பவனுக்கு!

நம் வீட்டுச் சிக்குக் கோலத்தைப் பாருங்கள். புள்ளிகளை வரிசையாக வைத்துவிட்டால், கம்பி ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வந்தாக வேண்டும். ஒரு புள்ளி வெளியே நின்றுவிட்டால் கோலம் தப்பு. நடுப்புள்ளிக்குத் தனி மரியாதை கிடையாது. ஓரத்துப் புள்ளிக்கும் அதே வளைவு, அதே அணைப்பு. இதை எழுதியவள் சமத்துவக் கொள்கை பேசினாள் என்று நாம் கதை கட்டவில்லை. அவள் எழுதிய தெருவே சாதியால் பிளந்து கிடந்த தெரு. ஆயினும் வடிவத்தின் நியாயம் அப்படி இருக்கிறது.

தோழர்களில் சிலர் நம்மைக் கடிந்துகொள்வார்கள் என்பதை அறிவோம். “கோலமா? மார்கழிப் பஜனையின் தங்கை அல்லவா அது! இலட்சுமி வருவாள் என்று வாசலில் வலை விரிக்கும் மடமை அல்லவா!” என்பர். அவர்கள் கோபத்திலே நியாயம் இருக்கிறது. வீட்டுக்கு விலக்கான நாளிலே கோலமிடக் கூடாது என்று பெண்ணைத் தள்ளி வைத்தது யார்? இழவு வீட்டு வாசலை வெறுமையாக்கி, அந்த வெறுமையையே ஊருக்கு அறிவிப்புப் பலகையாக்கியது யார்? மருமகள் விடியுமுன் எழுந்தாளா என்று மாமியார் வேவு பார்ப்பதற்கும் கோலம்தானே சாட்சியாயிற்று! இந்த விலங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். இப்போது புதிதாக ஒரு ‘விஞ்ஞான’ விளக்கமும் கிளம்பியிருக்கிறது: எறும்புக்கு உணவிடவே நம் முன்னோர் கோலம் கண்டனராம். அரிசி மாவில் எழுதினால் எறும்பு தின்னும், உண்மைதான். கடையிலே இன்று விற்கும் கோலப்பொடியில் பெரும்பகுதி வெள்ளைக்கல் பொடி. கல்லைத் தின்னும் எறும்பைக் கண்டவர் யார்?

விலங்கைக் கழற்றுவது வேறு, கையையே வெட்டுவது வேறு. அரும்பாவூர்ச் சிற்பி கடவுள் உருவம் செதுக்குகிறான் என்பதற்காக அவன் உளித்திறனை இகழ்வோமா? ஆகமக் கோவிலிலே குடமுழுக்கு முடிந்துவிட்டால், சிலையைச் செய்த சிற்பியே கருவறைக்குள் நுழைய முடியாது. அந்த அநீதியைக் கண்டிக்கும் நாம், சிற்பியின் பக்கம் நின்றுதானே கண்டிக்கிறோம்? வாசலில் எழுதுகிறவள் பக்கமும் அப்படியே நிற்போம்.

அவள் திறன் எத்தகையது என்பதை அறிவுலகம் அறியாமல் இல்லை. ஏழு புள்ளியில் தொடங்கி நான்கு வரை இடைப்புள்ளி வைக்கிறாள். நடுவரிசை ஏழு, இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு, மொத்தம் 37. நேர்ப்புள்ளியாக ஏழிலிருந்து ஒன்று வரை வைத்தால் 25. பள்ளி வாசலை மிதியாத கிழவியும் இதைப் பிசகாமல் செய்கிறாள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலத்தின் கட்டமைப்பைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினர். சிறு விதி ஒன்றைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் பெருங்கோலம் விரியும் என்று அவர்கள் மெய்ப்பித்ததை, உலகக் கணித அறிஞர் வியந்து படித்தனர். நம் பாடநூலிலே இது எத்தனை பக்கம் பெற்றிருக்க வேண்டும்!

வாசல் கோலம் வழிபாட்டுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் உடைந்துவிட்டது. 2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில், குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று கோலமெழுதிய இளைஞர் சிலரைக் காவல்துறை பிடித்துச் சென்று பின்னர் விடுவித்தது. மறுநாள் தி.மு.க. தலைவர்களின் வீட்டு வாசல்களிலும் அதே எதிர்ப்பு, கோலமாக எழுந்தது. கோலமாவுக்கு ஓர் அரசு அஞ்சியது என்றால், அது வெறும் மங்கலச் சின்னமாகவா இருந்தது?

நாள்தோறும் ஏதேனும் படைக்க வேண்டும் என்ற ஆசையுள்ள இளைஞனுக்கு, ஆம், இளைஞனுக்கும்தான், நம் கருத்து இது. அச்சிட்ட வட்டத்துக்கு வண்ணந் தீட்டுவது தாழ்வில்லை. அரும்பாவூர்ச் சிறுவனும் முதலில் பிறர் வரைந்த கோட்டின்மேல்தான் உளி பழகுகிறான். அதிலேயே நின்றுவிடாதே என்கிறோம். பிறர் போட்ட வேலிக்குள் வண்ணம் நிரப்பும் கைக்கு, வேலியைத் தானே போடும் இன்பம் தெரியாமலே போய்விடும். ஐந்து புள்ளியில் தொடங்கு. கம்பி சிக்கிக்கொண்டால் அழித்துவிடு. தரை கோபிப்பதில்லை, தாளைப்போல் செலவும் வைப்பதில்லை. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், செய்து பார். தங்கையையோ மனைவியையோ அன்று சற்றுக் கூடுதலாக உறங்கவிட்டு வாசலுக்கு வா. தெரு சிரிக்கும். இரண்டு வாரம் சிரிக்கும். பிறகு புள்ளிக் கணக்குக் கேட்கும்.

1988இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் திபெத்தியத் துறவிகளை அழைத்து மணல் மண்டலம் எழுதச் செய்தார்கள். எழுதி முடித்துக் கலைத்துவிடும் அந்த நிலையாமையைக் கண்டு மக்கள் வியந்தார்கள். நம் வீடுகளிலோ நிலையாமைக்குப் பஞ்சமேயில்லை! தரையிலே எழுதியது போகட்டும்; தாளிலே எழுதியதாவது இருக்கிறதா? நம் தாய்மாரும் பாட்டிமாரும் பள்ளிப் பிள்ளை எழுதி மிஞ்சிய நோட்டுகளிலே பென்சிலால் புள்ளி வைத்துச் சேர்த்த கோலங்கள் எத்தனை! அண்டை வீட்டில் கண்டது, பொங்கலன்று பக்கத்துத் தெருவில் கண்டது, தானே புனைந்தது எல்லாம் அதிலே இருக்கும். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து நூலகங்கள் அந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கட்டும். எழுதியவள் பெயரையும் ஊரையும் மேலட்டையில் குறித்து, அரும்பாவூர்ச் சிற்பத்தின் படங்களை வைக்கும் அதே அலமாரியில் வைக்கட்டும். பழைய தாள் கடைக்காரனின் தராசு அவற்றுக்காகக் காத்திருக்கிறது.