எண்ணெய்க் கேனின் மூக்கும் சோளப்பொரியும்

பாப்கார்ன் டப்பாவுக்கு அமெரிக்கர் ஒருவர் கூம்பு வடிவில் ஒரு மூடி செய்தார். அகன்ற பக்கம் டப்பாவின் வாயில் பொருந்தும்; நுனியில் ஒரு துளை. கவிழ்த்துக் குலுக்கினால் பொரிகள் கூம்புக்குள் முட்டி மோதி அடைத்துக்கொள்ளும், ஒரு குலுக்கலுக்குச் சில பொரிகள் மட்டுமே வெளியே விழும்.

காப்புரிமை கேட்டார், மறுத்துவிட்டார்கள். குறுக்கே நின்றது ஒரு பழைய சுவிஸ் காப்புரிமை: எண்ணெய்க் கேனுக்கான கூம்பு மூக்கு.

அவர் பெயரால் ஷ்ரைபர் வழக்கு எனப்படும் இதில், 1997இல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றமும் மறுப்பையே உறுதி செய்தது. அமைப்பு பழையது என்றால், அதை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று எழுதிவைப்பதால் மட்டும் அது புதிய பொருளாகிவிடாது. இந்த விதியில் நியாயம் உண்டு. பொரிக்கென்று கூம்புக்கு உரிமை கொடுத்துவிட்டால், காலங்காலமாக எண்ணெய் மூக்கு விற்றவரும் ஒருநாள் வழக்கில் மாட்டுவார்.

இடறுவது வேறு இடம். சுவிஸ் படத்தில் இருந்த மூக்கைப் பெரிதாக்கினால் பொரியும் வரும் என்பது அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியத்தின் வாதம். பெரிதாக்கினால்! அப்படிப் பெரிதாக்கத் துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றுமா என்பது தனிக் கேள்வி. புதுமையைச் சோதிக்கும்போதே அதை நுழைப்பது பந்தயம் தொடங்கிய பின் கோட்டை நகர்த்துவது போல. நீதிபதி பாலின் நியூமன் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். ஆனால் விண்ணப்பதாரரும் துளையின் அளவை உரிமைகோரலில் எழுதவில்லை. பாதிப் பழி அவருக்கும் சேரும்.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டுதல்கள் இதில் தெளிவு. உருகிய எஃகுக்கான அச்சு என்று எழுதினால், பிளாஸ்டிக் ஐஸ் ட்ரே அதில் அடங்காது. எஃகை ஊற்றினால் ட்ரே உருகிவிடும். அதாவது, பயன்பாடு பொருளின் தன்மையைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு மட்டுமே அதற்கு மதிப்பு. பொரி மூடிக்கும் இந்த அளவுகோலே பொருத்தம்.

பழைய பொருளுக்குப் புதிய பயன் கண்டவர் பயன்படுத்தும் முறைக்கு உரிமை கேட்கலாம். அமெரிக்காவிலும் அந்த வழி திறந்தே இருக்கிறது. ஐரோப்பாவோ அதில் ஒருபடி மேலே போனது. துருவைத் தடுக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு சேர்க்கைப் பொருள், மசகெண்ணெயில் உராய்வையும் குறைக்கும் என்று மொபில் நிறுவனம் கோரியது. அந்தப் பயன்பாடு புதியதாகலாம் என்று 1989இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவுபடுத்தப்பட்ட மேல்முறையீட்டு வாரியம் ஏற்றது. துருவுக்காக அதே பொருளைச் சேர்ப்பவரின் எஞ்சினிலும் உராய்வு குறையத்தான் செய்யும். அவர் உரிமையை மீறுகிறாரா என்பதற்கு எஞ்சினைத் திறந்து பார்த்தாலும் விடை கிடைக்காது.