கோப்பையும் பன்பாயும்

பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயில் பக்கம் ஏறும் வீதியோரம் அன்பளிப்புச் சாமான் கடைகள் உண்டு. மருமகளுக்கு ஒரு பரிசு தேடிப் போனேன். சிப்பியில் செய்த ஆமை, மரத் திமிங்கிலம், கோட்டைக்குள் மேயும் புள்ளிமான் வரைந்த கோப்பை. கோப்பையின் கைபிடிதான் மானின் கொம்பு. பார்த்ததும் சிரிப்பு வந்தது. வாங்கவும் மனம் வந்தது.

அந்தச் சிரிப்பை லேசாக எண்ணக் கூடாது. தெரிந்த ஒன்றை எதிர்பாராத இடத்தில் காணும் சந்தோஷம் அது. சுவரில் தொங்கும் ஓவியத்தை நாம் போய்ப் பார்க்க வேண்டும். கோப்பையில் இருப்பதோ தேத்தண்ணியோடு கைக்கு வருகிறது. லக்கி சேனநாயக்க வடிவமைத்து 1979இல் வெளியான நாணயத்தாள்களில் மீனும் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் இருந்தன. ஓவியக் கண்காட்சி எதையும் கண்டிராத எங்கள் வாப்பாவின் சட்டைப்பையிலும் நல்லதொரு ஓவியரின் கோடு கிடந்தது. பாவனைப் பொருளில் இறங்கினால் கலை தாழ்ந்துவிடும் என்போருக்கு இதுவே பதில்.

என் குறை வேறு. அதே கடையில் ஒரு கைப்பை. அதில் பன்பாய்க் கோலம், சிவப்பும் ஊதாவுமாய். தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக் துணியில் அச்சு.

"இது எந்த ஊர்ப் பாய், தம்பி?"

"டிசைன்தானே ஐயா, ஊர் எதுக்கு?"

உம்மா பாய் இழைத்தவர். பன்னை வெட்டிக் காயவைத்து, சாயத்தில் அவித்து, எண்ணி எண்ணி இழைப்பார். ஒரு பன் பிசகினால் அவ்வளவையும் பிரிப்பார். கோலம் சரியாகப் பாயின் ஓரத்தில் வந்து முடியும். அந்தப் பையிலோ கோலம் தையலில் பாதியாக வெட்டுப்பட்டு நின்றது. அச்சடித்தவருக்கு அது வெறும் நிறம். இழைத்தவளுக்கு அது கணக்கு. எங்கள் குடும்பத்தில் கலியாணப் பரிசே அந்தப் பாய்தான்.

புதுமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொழும்பில் பார்பரா சன்சோனி கைத்தறியை நெசவுப் பெண்களின் கையிலேயே வைத்துக்கொண்டு புது நிறங்களும் புதுப் பொருள்களும் கண்டார். பன்னிலும் அது முடியும். ஆனால் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளைத் தேடித் தொகுத்த நாம், பாய்க் கோலங்களையும் அவற்றை இழைத்த பெண்களின் பெயர்களையும் அதே அக்கறையோடு எழுதி வைத்தோமா?

கோப்பையை வாங்கினேன். பையை வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் உம்மாவின் பாயை விரித்து, கட்டங்களை எண்ணிக் கொப்பியில் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அவர் பெயர்.