பொம்மைப் படத்துக்குக் காதையும் கொண்டுபோங்கள்

வள்ளி கடைசியில் முருகனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது விராலிமலையில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். மலையேறிப் போனால் ஆறுமுகன் மயில்மீது இருக்கிறார், இரு பக்கமும் வள்ளியும் தெய்வானையும். கதையின் முடிவு கருவறையிலேயே நிற்கிறது. ஆனாலும் புதுக்கோட்டை வட்டாரத்தில் திருவிழா வந்தால் ஸ்பெஷல் நாடகம், ஸ்பெஷல் நாடகம் என்றால் பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'. சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமாகி நூறு வருஷம் தாண்டிவிட்டது. அவருடைய வள்ளி இன்னமும் விடிய விடியத் தினைப்புனம் காக்கிறாள். முடிவைத் தெரிந்துகொள்ள ஒருவரும் வருவதில்லை. இந்த வருஷத்து வள்ளி நாரதரைத் தர்க்கத்தில் எப்படி மடக்குகிறாள், இந்தப் பபூன் போன வருஷத்துப் பபூனைவிடத் தேவலையா, இதைப் பார்க்கத்தான் பாயைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த தடவை வீட்டுப் பிள்ளைகளோடு ஏதாவது பொம்மைப் படத்தின் இரண்டாம் பாகத்துக்குப் போனால், கண்ணைத் திரையில் வையுங்கள், காதைக் கொட்டகைக்குக் கொடுங்கள். இரண்டாம் பாகம் என்பது முதல் பாகம் பார்த்தவர்களை நம்பி எடுக்கிற படம். அதில் பாதி திரையில் ஓடுகிறது, மீதி நாற்காலிகளில் நடக்கிறது.

எதை வைத்துப் பழகலாம் என்றால், நான் 2024 டிசம்பர் 20 அன்று வந்த 'முஃபாசா: தி லயன் கிங்' படத்தைச் சொல்வேன். கம்ப்யூட்டரில் செய்த படம். நிஜச் சிங்கம் ஒன்றுகூடக் கிடையாது. 2019-ல் வந்த 'தி லயன் கிங்' படத்துக்குப் பின்னால் வந்த முன்கதை இது. சிம்பாவின் அப்பா முஃபாசா குட்டியாக இருந்தபோது வெள்ளத்தில் அடித்துப் போனதும், டாக்கா என்கிற ராஜகுமாரச் சிங்கம் அவனைக் காப்பாற்றி அண்ணன் தம்பியாக வளர்ந்ததும், அந்த டாக்காவே பின்னால் ஸ்கார் ஆனதும் கதை. ஸ்கார் யார் என்று தெரியாத பிள்ளை அந்தக் கொட்டகையில் அநேகமாக இருக்காது. அப்பனைக் கொன்ற சித்தப்பன். முடிவு தெரிந்த கூட்டம்தான் உள்ளே வருகிறது.

விராலிமலைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. டப்பிங் படம் என்றால் நாங்கள் பெரும்பாலும் திருச்சிக்குத்தான் போகவேண்டும், மதுரை ரோட்டில் சுமார் 30 கிலோமீட்டர். இந்தப் பயணத்தை வீணாக்காதீர்கள். முதல் நாள் ராத்திரி முதல் பாகத்தைப் போட்டுக் காட்டித் தயார் செய்கிற பெற்றோர் இருக்கிறார்கள். அது பரீட்சைக்குப் படிக்கிற கதை. அதற்குப் பதில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் பிள்ளையிடம், "போன படத்துல என்னடா நடந்துச்சு?" என்று ஒரு கேள்வி போடுங்கள். அவன் சொல்கிற கதையில் சிம்பா பிறந்தது இருக்காது, ராஜ்ஜியம் இருக்காது. கழுதைப்புலி இருக்கும். காட்டுப்பன்றி குசு விட்டது இருக்கும். முஃபாசா செத்தது மட்டும் அரை வாக்கியத்தில் வந்து போய்விடும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்வான். அவனுக்குள் எந்தப் படம் தங்கியிருக்கிறது என்பது அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். கொட்டகையில் அவன் எங்கே சிரிப்பான், எங்கே உங்கள் கையைப் பிடிப்பான் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

காட்சியைத் தேர்ந்தெடுப்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சனி, ஞாயிறு காலைக் காட்சி, தமிழ் டப்பிங். ராத்திரிக் காட்சியில் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிடும், மீதிப் பிள்ளைகளை அப்பாக்கள் அதட்டிக்கொண்டிருப்பார்கள். கடைசி வரிசையும் வேண்டாம். அங்கிருந்து படம் நன்றாகத் தெரியும், கூட்டம் கேட்காது. நடுவில் உட்காருங்கள். முன்னால் பத்துப் பிள்ளைகள், பின்னால் நாலு பாட்டிகள் இருந்தால் நல்ல இடம்.

உட்கார்ந்ததும் கேட்கவேண்டியது முதல் சிரிப்பு. முஃபாசா படத்தில் அது டிமோனும் பும்பாவும் வாயைத் திறந்த மாத்திரத்தில் வந்துவிடுகிறது. ரஃபிகி என்கிற கிழக்குரங்கு சிம்பாவின் மகள் கியாராவுக்குத் தாத்தா கதை சொல்லிக்கொண்டிருக்க, இந்த இரண்டு பேரும் நடுநடுவே புகுந்து, இந்தக் கதையில் நாங்கள் எப்போது வருவோம் என்று நச்சரிக்கிறார்கள். ஆங்கில விமர்சகர்கள் பல பேருக்கு இந்தக் குறுக்கீடு பிடிக்கவில்லை. கதை நகரும்போது காலை இழுக்கிறார்கள் என்றார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அது எப்படித் தொந்தரவாகும்? நாடகம் தொடங்குமுன் பபூன் வந்து அரைமணி நேரம் ஊரையே வம்புக்கு இழுத்துவிட்டுத்தான் ராஜபார்ட்டை உள்ளே விடுவான். ஆர்மோனியக்காரரோடு சண்டை போடுவான். பார்ப்பவர்களுக்கு அதுவும் கணக்கில் சேர்த்திதான்.

அந்தச் சிரிப்புக்குத் தமிழில் இன்னொரு காரணமும் உண்டு. டிமோனுக்கு சிங்கம்புலி, பும்பாவுக்கு ரோபோ சங்கர். 2019 படத்திலும் இதே ஜோடிதான். ஐந்து வருஷம் கழித்து அதே இரண்டு குரல் கேட்கும்போது, திரையில் உருவம் தெளிவாக வருவதற்கு முன்பே பிள்ளைகள் கத்திவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் டிமோனும் பும்பாவும் மட்டும்தான். பெரியவர்களுக்கு சிங்கம்புலியும் ரோபோ சங்கரும். அதனால் சிரிப்பு இரண்டு அலையாக வரும். பன்றி தடுக்கி விழுந்ததற்கு முதல் அலை, கீச்சுக் குரலில். விழுந்தபின் அது முனகுகிற முனகலுக்கு இரண்டாவது அலை, கட்டைக் குரலில். இரண்டுக்கும் நடுவில் ஒரு விநாடி இடைவெளி இருக்கும். பழகிவிட்டால் அந்த இடைவெளிக்காகவே காத்திருப்பீர்கள். ரோபோ சங்கர் 2025 செப்டம்பரில் போய்விட்டார். இனி இந்தப் படத்தை வீட்டில் போட்டுப் பார்க்கும்போது முதல் அலை அப்படியே இருக்கும், இரண்டாவது அலை கொஞ்சம் மாறித்தான் கேட்கும்.

முஃபாசாவுக்கு அர்ஜுன் தாஸ் குரல். 'கைதி'யில் வில்லனாக வந்து மிரட்டிய அதே தொண்டை. காலேஜ் பையன்கள் அந்தக் குரலுக்கே விசில் அடிப்பார்கள். பக்கத்துச் சீட்டுக் குழந்தை எதற்கென்று புரியாமல் திரும்பிப் பார்க்கும். டாக்காவுக்கு அசோக் செல்வன், வெள்ளைச் சிங்கம் கீரோசுக்கு நாசர், இளவயது ரஃபிகிக்கு விடிவி கணேஷ். கணேஷின் கரகரப்பு குரங்குக்கு எப்படிப் பொருந்தியது என்பதை உட்கார்ந்து ஆராயவேண்டியதில்லை. வாய் திறந்ததும் கொட்டகை தீர்ப்புச் சொல்லிவிடும்.

மிருகங்கள் விஷயத்தில் எங்கள் பிள்ளைகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. மொட்டைமாடியிலும் மதில்மேலும் மயில் நடக்கிற ஊர் இது. மயில் கழுத்தை எப்படி வெட்டும், தோகையை மடக்கும்போது எப்படிச் சிலிர்க்கும் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்துப் புளித்துப்போனவர்கள். அதனால் திரையில் மிருகம் நடந்தால் கால் தரையில் பதிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். 2019 படத்தில் சிங்கங்கள் நிஜம்போல் இருந்தனவே ஒழிய முகத்தில் ஒன்றும் ஓடவில்லை என்பது உலகம் முழுக்கச் சொன்ன குறை. பாரி ஜென்கின்ஸ் இயக்கிய முன்கதையில் கண்ணும் புருவமும் கொஞ்சம் வேலை செய்கின்றன. சிங்கங்கள் பனிமலை ஏறும் இடத்தில், "சிங்கம் ஐஸ்ல நடக்குமாம்மா?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். பதில் சொல்லத் தெரியாத அம்மாவின் "சும்மா பாருடா"வும் வரும். இரண்டையும் தவறவிடாதீர்கள்.

குட்டிச் சிங்கங்கள் இரண்டும் பாடிக்கொண்டே ஓடி, பாட்டு முடிவதற்குள் பெரிய சிங்கங்களாகிவிடுகிற இடம் ஒன்று உண்டு. பாட்டு லின்-மானுவல் மிராண்டாவுடையது. அந்த உத்தி மட்டும் நமக்குப் பரம்பரைச் சொத்து. சின்னப் பையனின் கால் ஓட ஓட ஹீரோவின் காலாக மாறுவதை எத்தனை தமிழ்ப் படத்தில் பார்த்திருக்கிறோம்! தாத்தாக்கள் கைதட்டுகிற இடம் அது. பேரன்களுக்கு ஏன் என்று விளங்காது.

எல்லாவற்றுக்கும் மேலே, டாக்கா. படம் ஓடுகிற பெரும்பகுதி அவன் நல்லவன். தம்பிக்காக அப்பாவிடம் பேசுகிறான். நான் பார்த்த காட்சியில் பின்வரிசையில் ஓர் அப்பத்தா உருகிப்போய், "பாவம்டா, எம்புட்டு நல்ல புள்ள" என்றார். பக்கத்திலிருந்த பேரனுக்கு எட்டு வயசிருக்கும். "இப்ப நல்லவனாத்தான் இருப்பான் அப்பத்தா, செத்த பொறு" என்றான். பேரனுக்கு அடுத்து வருவது தெரியும். அப்பத்தாவுக்கு இப்போது நடப்பது தெரியும். இரண்டு பேரும் இரண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்காவை ஸ்கார் ஆக்கிய தழும்பு விழுகிற இடம் கடைசியில் வருகிறது. கீரோஸின் நகம் முஃபாசாமேல் பாய்கிறபோது, காட்டிக்கொடுத்த டாக்காவே குறுக்கே விழுந்து அந்த அடியை வாங்கிக்கொள்கிறான். கெட்டவனின் அடையாளம் என்று இத்தனை வருஷம் பிள்ளைகள் நம்பியிருந்த தழும்பு, அவன் செய்த கடைசி நல்ல காரியத்தில் விழுந்தது என்று தெரிகிற நேரம். அந்தச் சமயம் திரையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள், குறிப்பாக அண்ணன் தம்பி ஜோடிகளை. பாப்கார்ன் டப்பாவுக்குள் போன கை அங்கேயே நிற்கும். அப்பத்தாவின் பேரன் அதுவரை விமர்சனம் செய்துகொண்டே வந்தவன், அங்கே வாயை மூடிக்கொண்டான். தெரிந்த கதையில் தெரியாத ஒன்று. அதைக் கொடுக்காத இரண்டாம் பாகம் வெறும் வசூல் வேட்டை என்பது என் கட்சி.

இடைவேளை பற்றி ஒரு வார்த்தை. ஹாலிவுட்காரர்கள் இடைவேளைக்கு இடம் வைத்து எழுதுவதில்லை. நம் கொட்டகையில் நடுவில் வெட்டி விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். ஓடுகிற சிங்கம் பாதியில் நிற்கும், சின்னஞ்சிறுசுகள் "முடிஞ்சிருச்சா?" என்று அழும். கோபப்படாதீர்கள். கேன்டீன் வரிசையில் போய் நில்லுங்கள். இனி என்ன நடக்கும் என்று பிள்ளைகள் அங்கே அடித்துக்கொள்கிற சண்டை சில சமயம் இரண்டாம் பாதியைவிட நன்றாக இருக்கிறது.

பெரியவர்கள் மாட்டிக்கொள்கிற படங்களும் உண்டு. 'இன்சைட் அவுட் 2' (2024) பிள்ளைகளுக்குக் கலர் கலரான பொம்மைகள். 13 வயது ரைலியின் மண்டைக்குள் பதற்றம் என்கிற ஆரஞ்சு நிறப் பொம்மை புகுந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ள, ஹாக்கி மைதானத்தில் அவளுக்கு மூச்சு முட்டுகிற காட்சியில் பிள்ளைகள் சாதாரணமாகத்தான் இருப்பார்கள். அம்மாக்கள்தான் மூக்கை உறிஞ்சுவார்கள். 'ஃப்ரோசன் 2' (2019) வேறு தினுசு. அதில் ஓலாஃப் என்கிற பனிப்பொம்மை முதல் படத்தின் கதை முழுவதையும் ஒற்றை ஆளாக, மூச்சு வாங்க நடித்துக் காட்டுகிறது. தமிழில் ஓலாஃபுக்கு சத்யன், எல்சாவுக்கு ஸ்ருதிஹாசன், அன்னாவுக்கு டிடி. முதல் பாகம் பார்த்த பிள்ளைகளை அந்த இடத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஓலாஃபுக்கு முன்னால் அவர்கள் கதையைச் சொல்லி முடித்திருப்பார்கள். 'மகாவதார் நரசிம்மா' (2025) தொடர்வரிசையின் முதல் படம்தான். ஆனாலும் தூணிலிருந்து யார் வருவார் என்று யாருக்குத் தெரியாது? செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, கைகூப்பிப் பார்த்தவர்கள் பற்றிப் பல ஊர்களிலிருந்து செய்தி வந்தது.

செய்யக்கூடாதவை இரண்டு. பிள்ளைகளை "உஷ்" என்று அடக்காதீர்கள். பிள்ளைகள் படத்தில் பிள்ளைகள் பேசாமல் வேறு யார் பேசுவது? இன்னொன்று, அவர்கள் முகத்தைப் போனில் படம் பிடித்து ரீல்ஸ் போடாதீர்கள். போன் வெளிச்சம் விழுந்த மறு விநாடியே பிள்ளை படம் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களுக்காக நடிக்க ஆரம்பித்துவிடும்.

திரும்பி வரும்போது "படம் எப்படி?" என்று கேட்கவேண்டாம். "சூப்பர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். மறுநாள் சாயந்திரம் தெருவில் விளையாடும்போது கவனியுங்கள். முஃபாசாவாக எவன் நிற்கிறான், டாக்காவாக நிற்க எவன் முன்வருகிறான் என்று பாருங்கள். எங்கள் தெருவில் டாக்காவுக்குத்தான் போட்டி. படம் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். டப்பிங் பொம்மைப் படங்களுக்குத் தமிழ்க் காட்சிகள் முதல் வாரம்தான் தாராளமாக இருக்கும். அடுத்த வாரம் பெரிய ஹீரோ படம் வந்தால் முதலில் தூக்குவது காலைக் காட்சியைத்தான். போவதென்றால் முதல் சனிக்கிழமையே போய்விடுங்கள், அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு.