காத்திருக்கச் சொன்ன குரல்

ஸாரா லியாண்டரின் குரலை முதன்முதலாகக் கேட்பவர்கள் பாடுவது ஆணா பெண்ணா என்று ஒரு கணம் தயங்கக்கூடும். அவ்வளவு தாழ்ந்த, கனத்த குரல். 1907இல் ஸ்வீடனில் பிறந்த அவர், 1931இல் ஸ்டாக்ஹோமில் லெஹாரின் 'மெர்ரி விடோ' ஒப்பரெட்டாவின் நாயகியானார். பாட்டும் வசனமும் கேலியும் கலந்த மேடை நாடகம் அது. உச்ச ஸ்தாயிப் பெண்குரலுக்கென எழுதப்பட்ட பாத்திரம் இந்தக் கனத்த குரலுக்கு வந்தது. சொத்துள்ள அந்த விதவையை ஆண்கள் சுற்றிவருகிறார்கள்; யாரை ஏற்பது என்பது அவள் முடிவு.

1936இல் வியன்னாவில், 'ஆக்ஸல் அன் டெர் ஹிம்மெல்ஸ்ட்யூர்' என்ற ஒப்பரெட்டாவில் ஹாலிவுட் நட்சத்திரமாக வந்து, நட்சத்திர மோகத்தையே நையாண்டி செய்தார். அந்த வெற்றி அவரை பெர்லினின் ஊஃபா நிறுவனத்துக்குக் கொண்டுபோனது. நையாண்டி அத்தோடு நின்றது.

1937இல் வந்த 'ட்ஸு நொயன் ஊஃபர்ன்' படத்தில் அவர் லண்டன் பாடகி. காதலன் செய்த காசோலை மோசடியைத் தன்மேல் போட்டுக்கொண்டு ஆஸ்திரேலியச் சிறைக்குப் போகிறாள். 1938இன் 'ஹைமாட்' படத்தில், மணமாகாமல் குழந்தை பெற்ற பாடகி, தந்தையின் ஊருக்குத் திரும்பி வருகிறாள். 1942இல், போர் நடுவே, 'டி க்ரோஸெ லீப'. இதில் விமானியைக் காதலிக்கும் பாடகிக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது. போர்முனை அழைக்கும்போதெல்லாம் அவன் கிளம்பிவிடுகிறான். முதலில் கோபித்தவள் கடைசியில் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறாள். ஜெர்மனியில் கோடிக்கணக்கானோர் பார்த்த படம் இது.

அடங்கிய பெண்ணொருத்தி 'காத்திருங்கள்' என்று பாடியிருந்தால் யார் பொருட்படுத்தியிருப்பார்கள்? யாருக்கும் பணியாதவள்போல் ஒலிக்கும் குரல் பணியும்போதுதான் அது பாடமாகிறது. ஒப்பரெட்டா வளர்த்த அந்தத் திமிரைத்தான் நாஜி சினிமா விலைக்கு வாங்கியது என்பது என் வாசிப்பு.

அந்தத் திமிரை வளர்த்தவர்களின் கதி என்ன? வியன்னா ஒப்பரெட்டாவின் கதையை எழுதியவர்களில் ஒருவரான பவுல் மோர்கன் யூதர். 1938 டிசம்பரில் புக்கன்வால்ட் வதைமுகாமில் இறந்தார். 'ஹைமாட்' வெளியானதும் அதே ஆண்டுதான். 'டி க்ரோஸெ லீப' படத்தின் புகழ்பெற்ற பாடல்களை எழுதிய புரூனோ பால்ட்ஸ், தன்பால் ஈர்ப்புக்காக கெஸ்டபோவால் கைதுசெய்யப்பட்டவர்.

தனக்கு அரசியல் தெரியாது என்றே லியாண்டர் பின்னாளில் சொல்லிவந்தார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. பெண்ணுக்கு அரசியல் புரியாது என்பது ஆணாதிக்கத்தின் பழைய வசை; அதையே கேடயமாக எடுத்துக்கொள்ள நாம் யாருக்கும் அனுமதி தரக்கூடாது. அதேபோல், மொத்தப் பழியையும் திரையில் தெரிந்த அந்த ஒரு முகத்தின்மேல் இறக்கிவைப்பதும் வசதியான காரியம். 'ஹைமாட்' படத்தை இயக்கிய கார்ல் ஃப்ரோலிஹ்தான் 1939 முதல் நாஜி அரசின் திரைப்படச் சபைக்குத் தலைவர். அவர் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

1943இல் பெர்லின் வீடு குண்டுவீச்சுக்கு இரையானபின் லியாண்டர் ஸ்வீடன் திரும்பினார். சில ஆண்டுகள் ஒதுக்கப்பட்டு, 1949இல் மீண்டும் மேடையேறினார். பிற்காலத்தில், தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் பலர் அந்தக் குரலைத் தங்களுடையதாகக் கொண்டாடினார்கள். அவர்களுக்கு அதில் ஒப்பரெட்டாவின் பெண் கேட்டிருக்க வேண்டும். எனக்கும் கேட்கிறது, ஆனால் மோர்கனின் பெயரை மறந்துவிட்டு அதைக் கேட்க என்னால் முடியாது.